நிர்வாகக் காரணங்களுக்காக ஒரு கட்டு

இந்தக் கதை என் கண்ணால் கண்டதல்ல. நரிகள் மீட்பு மையத்தில் தொலைபேசி எடுக்கும் என் கல்லூரித் தோழி சொன்னது. அவளும் பாதியைத்தான் பார்த்தாள். மீதியை அங்கே நரிகளுக்கு மருந்து போடும் நர்ஸக்கா சொல்லக் கேட்டாள். எனவே எங்காவது மிகை இருந்தால் அது மூவருக்கும் பொது.

மையம் ஒரு பழைய மரக்கிடங்கின் பின்னால் இருந்தது. முன்னறையில் செயலாளர், நடு அறையில் தொலைபேசி, பின்கட்டில் நரிகள். அடிபட்டவை, சொறி பிடித்தவை, தாயை இழந்த குட்டிகள். அரசு மானியம் ‘ஆவன செய்யப்பட்டு’ வந்து சேர்வதற்குள் குட்டிகள் கிழடாகிவிடும். ஆகவே மையம் வளர்ப்புப் பெற்றோர் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. மாதாமாதம் பணம் அனுப்பினால் ஒரு நரிக்கு நீங்கள் அம்மா அல்லது அப்பா. நரி உங்கள் வீட்டுக்கு வராது. படம் மட்டும் வரும். இந்த ஏற்பாடு இரு தரப்புக்கும் பிடித்திருந்தது.

பெற்றோர் எல்லோரும் ஒரே பிள்ளையைத்தான் கேட்டார்கள். வண்டி மோதி, இடது முன்னங்கால் முறிந்து வந்த பெண் நரி அது. நிறத்தைப் பார்த்து நர்ஸக்கா செவலை என்று கூப்பிட்டார். வெள்ளைக் கட்டுப் போட்ட காலைத் தூக்கிக்கொண்டு அது கேமராவைப் பார்த்த படம் ஊரெல்லாம் சுற்றியது. சொறி நரிகளின் படத்தை யாரும் கேட்கவில்லை. செவலைக்கு வந்த காசில் அவையும் சாப்பிட்டன.

இப்படி எல்லாம் ஒழுங்காக நடந்துவந்தபோது செவலை ஒரு பெரிய தவறு செய்தது. குணமாகிவிட்டது.

“சார், விட்டுடலாம்,” என்றார் நர்ஸக்கா. “சாப்பாட்டுத் தட்டுச் சத்தம் கேட்டா நாய்க்குட்டி மாதிரி ஓடி வருது. இன்னும் கொஞ்ச நாள் இங்கேயே இருந்தா வேட்டை மறந்துடும். அப்புறம் வெளியே விட்டா எவன் வீட்டு வாசல்லயாவது போய் நிக்கும். அடிச்சே கொன்னுடுவாங்க.”

“நரிக்குக் கால் சரியாயிடுச்சு. நமக்கு?” என்றார் செயலாளர். “கட்டைப் பிரிச்சா பாதிப் பெத்தவங்க பிள்ளையே வேண்டாம்னு போயிடுவாங்க. பின்னாடி கிடக்கறதுங்களுக்கு யாரு தீனி போடுறது? நீங்களா?”

நிர்வாகக் குழு கூடித் தீர்மானம் நிறைவேற்றியது: “மேற்படி நரியின் கட்டு, மருத்துவக் காரணங்கள் நீங்கிவிட்டபடியால், இனி நிர்வாகக் காரணங்களுக்காகத் தொடரும்.”

படம் எடுப்பவர் செயலாளரின் மச்சான். அந்த மாதம் நர்ஸக்கா கட்டுப் போட மறுத்ததால் அவரே போட்டார். வலது காலில் போட்டார்.

படம் போன மறுநாள் ஒரு வளர்ப்புத் தாய் அழைத்தார். “என் பொண்ணுக்கு இடது கால்லதானே அடி? படத்துல வலது கால்ல கட்டு இருக்கே?”

செயலாளர் தொலைபேசியை வாங்கினார். “ஆமாம்மா. இது அடுத்த கால்.”

மறுமுனையில் அழுகை. மாலைக்குள் அந்த அம்மாள் தன் தங்கைகள் இருவரையும் வளர்ப்புச் சித்திகளாகச் சேர்த்துவிட்டார்.

“மச்சான், கைராசிக்காரன்யா நீ!” என்றார் செயலாளர். மூன்றாவது காலுக்கும் கட்டு வந்தது. நாலாவதை மட்டும் விட்டுவைத்தால் அந்தக் காலை மையம் கவனிக்கவில்லை என்று புகார் வரும் அல்லவா? அதற்கும் வந்தது. ஒவ்வொரு காலுக்கும் முறைப்படி ஓர் அறிக்கை மானிய அலுவலகத்துக்குப் போனது. செவலை நாலு வெள்ளைக் காலுறைகளோடு கூண்டைச் சுற்றிச் சுற்றி ஓடியது.

அறிக்கைகளைப் படித்துவிட்டு மானிய அலுவலக அதிகாரி ஒரு கால்நடை மருத்துவரோடு வந்து இறங்கினார்.

“நாலு காலும் போன விலங்கை வச்சிருக்க விதியில இடமில்லை. ஊசி போட்டு வேதனையிலிருந்து விடுவிக்கணும். இன்னைக்கே.”

“ஐயா, அது ஓடுதே!” என்றார் நர்ஸக்கா.

“ஓடுறதை நானும் பார்க்கறேம்மா. ஓடலைன்னா சொன்னேன்? ஆனா அறிக்கையில நாலு காலும் போச்சுன்னு இருக்கு. என் கண்ணை நம்பி நான் எப்படிக் கையெழுத்துப் போடுறது?”

செயலாளர் முன்னால் வந்தார். “அறிக்கை தப்பா இருந்தா, சார்?”

“மையத்தை மூடிடுவோம். இந்த நரி பிழைச்சுக்கும்.”

“மத்த நரிங்க?”

“அதைப் பத்தி விதியில ஒண்ணும் இல்லை.”

அறிக்கை சரிதான் என்று செயலாளர் தலையாட்டினார். மருத்துவர் ஊசியை எடுத்தார். நர்ஸக்கா சாப்பாட்டுத் தட்டோடு போய்க் கூண்டுக் கதவைத் திறந்தார். தட்டைக் கண்டு வாலை ஆட்டியபடி வந்த செவலையின் மேல் அந்தத் தட்டையே வீசி எறிந்தார். “போடி! போய்த் தொலை!”

செவலை ஒரு கணம் அவரைப் பார்த்தது. பிறகு அதிகாரியின் கால்களுக்கு நடுவே புகுந்து, விறகுக் குவியலில் ஏறி, மதிலைத் தாண்டிப் போய்விட்டது.

அதிகாரி வெகுநேரம் மதிலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அறிக்கை பொய் சொல்லாது. மதிலும் பொய் சொல்லவில்லை. ஆக, நாலு காலும் போன நரி மதில் தாண்டியிருக்கிறது. அப்படியானால் அது கட்டின் மகிமையாகத்தான் இருக்க வேண்டும்.

சில வாரங்களில் சுற்றறிக்கை வந்தது: “நான்கு கால்களிலும் கட்டு இன்றி எந்த நரியும் வெளியே விடப்படலாகாது. கட்டில்லாத நரி ஆதரவற்ற நரியாகக் கருதப்பட்டு, பொதுமக்களால் உடனடியாக மையத்துக்குத் தெரிவிக்கப்பட வேண்டும்.” கட்டுக்கென்று தனி மானியமும் வந்தது. நர்ஸக்காவுக்குச் சிறந்த சிகிச்சைக்கான பாராட்டும், அனுமதியின்றிக் கதவைத் திறந்ததற்கான விளக்கம் கேட்கும் கடிதமும் ஒரே உறையில் வந்தன. வெளியே விட்ட நரி நாலு எட்டு வைத்ததும் தானாக அவிழ்ந்து விழும்படி முடிச்சுப் போட அவர் பழகிக்கொண்டார்.

ஊரிலும் நாகரிகம் மாறியது. வசதியான வீட்டு நாய்கள் நாலு காலிலும் பட்டுக் கட்டோடு நடை போயின. கட்டில்லாத நாயைக் கூட்டிப் போனவர்கள் பக்கத்து வீட்டார் முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டார்கள்.

இவ்வளவையும் நம்ப எனக்குத் தயக்கமாக இருந்தது. ஒரு நாள் பிற்பகல் தோழியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். தொலைபேசி மணி அடித்தது. அவள் கேட்டுவிட்டுப் பின்கட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

“அக்கா, செவலை நிறத்துல ஒரு நரியாம். ஒரு கால்லகூடக் கட்டு இல்லையாம். நல்லா ஓடுதாம், அதான் பயமா இருக்காம்.”

நர்ஸக்கா கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். “எந்தப் பக்கம் போச்சாம்?”

“கிழக்கே.”

நர்ஸக்கா ஜன்னல் வழியே வண்டிக்காரரைக் கூப்பிட்டார். “அண்ணே, மேற்கே போங்க. நல்லாத் தேடிட்டு மெதுவா வாங்க.”

தோழி குறித்து வைத்த எண்ணைப் பார்த்தேன். தெரிந்த எண். ஆனாலும் சரிபார்க்காமல் எழுதக் கூடாது என்று வீட்டுக்குப் போய் விசாரித்தேன்.

“ஆமா, நான்தான் கூப்பிட்டேன்,” என்றார் அப்பா. “சுற்றறிக்கையை நீதானே படிச்சுக் காட்டினே? கிழக்கேன்னு அவ்வளவு தெளிவாச் சொன்னேன், ஒரு வண்டி வரலை. இந்த ஊர்ல எவன் ஒழுங்கா வேலை பார்க்கறான்?”