கன்னத்தால் தரை பார்த்த மேஸ்திரி

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஈ.சி.ஆர் கடற்கரைச் சாலையில் தெற்குப் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். மாமல்லபுரம் பின்னால் போய்விட்டது. செருப்பில் ஒரு வார் அறுந்திருந்தது. வேலையை விட்டு நடப்பது எனக்குப் புதிதல்ல. எட்டாவதோடு பள்ளியை விட்டதிலிருந்து எதையாவது விட்டுவிட்டு நடந்துகொண்டேதான் இருக்கிறேன். ஆனால் அன்று நான் சொல்லாமல் விட்டு வந்தது கன்னம் மேஸ்திரியை. வேலை செய்ததற்காக இல்லாமல், செய்யமாட்டேன் என்று உட்கார்ந்ததற்காகவே பேர் வாங்கிய மேஸ்திரி இந்தக் கடற்கரை முழுக்கத் தேடினாலும் அவர் ஒருவர்தான்.

எங்கள் தொழில் இதுதான். கடலோர வீடுகளில் கேட்டிலிருந்து கார் நிற்கும் இடம் வரை கல் பதித்திருப்பார்கள். உப்புக்காற்றும் புழுக்கமும் சேர்ந்து ஒரே மழையில் பாசி ஏறிவிடும். நாங்கள் போய்த் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவி, காயவிட்டு, சீலர் என்ற பளபளப்புப் பூச்சை ரோலரால் இரண்டு கோட் அடிப்போம். அப்புறம் பாசி பிடிக்காது. ஆனால் தரைக்குள் ஈரம் இருக்கும்போது அடித்தால் மறுநாளே மோர் கொட்டின மாதிரி வெள்ளையாகப் பூத்துவிடும்.

இந்த ஊரில் ஈரம் இல்லாத நாள் எது? அதைக் கண்டுபிடிக்கத்தான் மேஸ்திரி தரையில் குப்புறப் படுத்து இடது கன்னத்தை வைப்பார். கண்ணை மூடிக்கொள்வார். எழுந்து, "வாணாம்" என்பார். அன்றைய வேலை முடிந்தது.

கன்னத்துக்குச் சாட்சியாக ஒரு கவரும் உண்டு. சாயங்காலம் வீட்டம்மாவிடம் பழைய பிளாஸ்டிக் புடவைக் கவர் ஒன்றைக் கேட்டு வாங்கி, தரையில் விரித்து, நான்கு பக்கமும் டேப் ஒட்டுவார். காலையில் கவரின் அடிப்பக்கம் துளி கோத்திருந்தால், மறுபடியும் "வாணாம்."

சிறுசேரி ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிற வீட்டுக்காரர் ஒருவர் செல்போனை நீட்டி, "இன்னிக்கு ஈரப்பதம் கம்மின்னு போட்டிருக்கே" என்றார்.

"உன் போனு இன்னா சார், தரையில படுத்துக்கினா பாத்துது?" என்று கேட்டார் மேஸ்திரி.

இன்னொரு வீட்டில் புதிதாக வந்த வாட்ச்மேன், கேட்டைத் திறந்ததும் ஒரு ஆள் குப்புறக் கிடப்பதைப் பார்த்து, மயக்கம் என்று பயந்து ஒரு பக்கெட் தண்ணீரை ஊற்றிவிட்டார். மேஸ்திரி எழவே இல்லை. படுத்த வாக்கிலேயே, "இன்னும் ரெண்டு நாளு ஆவும்" என்றார்.

சொன்னால் சிரிப்பீர்கள். கூட வேலை செய்தவனுக்குத்தான் அலுப்பு தெரியும். தரை காயவில்லை என்றால் டீயும் பீடியும்தான் எனக்கு வேலை. ஒரே இடத்தில் உட்கார்ந்தால் எனக்குக் கால் அரிக்கும்.

கடைசியாக ஒரு ரிட்டயர்டு ஆபீசரின் புது வீடு. ஞாயிற்றுக்கிழமை கிரகப்பிரவேசம். மூன்று நாளாகக் கவரில் துளி. ஆபீசர் கத்தினார்: "இன்னிக்கு ஆரம்பிக்கலன்னா வேற ஆள் வெச்சுப்பேன்!"

அது வியாழக்கிழமை. அன்று பார்த்து மேஸ்திரிக்குக் கடவாய்ப்பல் வலி. இடது கன்னம் பன் மாதிரி வீங்கி, தலையைச் சுற்றித் துண்டு கட்டிக்கொண்டு வந்தார்.

"கன்னம் லீவு நைனா. இன்னிக்கு கவரு இன்னா சொல்லுதோ, அதான்."

அவர் வருவதற்கு முன்பே கவர் என்ன சொன்னது என்று எனக்குத் தெரியும். டேப்பைப் பிரித்து, துளிகளைத் துண்டால் துடைத்து, புது டேப் போட்டு ஒட்டியிருந்தேன். வேலை முடிந்தால் போதும், வேறு ஊர் போகலாம் என்றிருந்தது.

மேஸ்திரி கவரைப் பிரித்துப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "அடிக்கலாம்" என்றார். சாயங்காலம் தரையில் முகம் பார்க்கலாம் போலிருந்தது. வெள்ளிக்கிழமை காலையில் கேட்டிலிருந்து வாசற்படி வரை மோர்.

"பெரிய மேஸ்திரின்னாங்களேய்யா!" ஆபீசர் தெருவே கேட்கக் கத்தினார்.

இத்தனை வருஷத்தில் அவர் அடித்த தரை ஒன்றுகூடப் பூத்ததில்லை. அவரிடம் இருந்த சொத்து அந்தப் பேர் ஒன்றுதான். மேஸ்திரி துண்டை அவிழ்த்து, வீங்கின கன்னத்தைக் காட்டினார். "இது ஏமாத்திடுச்சி சார். ஞாயித்துக்கெயமைக்குள்ள வெள்ளைய எட்த்துர்றேன்."

அவர் திரும்பிப் பார்ப்பதற்குள் பையை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டேன்.

புதுப்பட்டினத்தில் பஸ் நிறுத்தத்திலேயே படுத்து எழுந்தேன். காலையில் கூலிக்கு ஆள் எடுக்கிற டீக்கடைப் பக்கம் வரிசையில் நின்றேன். ஷேர் ஆட்டோ ஒன்று வந்து நின்றது. பூச்சைக் கரைக்கிற தின்னர் கேன், இரும்பு பிரஷ், தலையில் துண்டுக்கட்டு.

மேஸ்திரி இறங்கி வரிசையை ஒவ்வொரு ஆளாகப் பார்த்துக்கொண்டு வந்தார். என் முன்னால் நின்றார்.

"தின்னர் வாடை ஒத்துக்குமா ஒனக்கு?"

முன்பின் தெரியாத ஆளைக் கேட்பது மாதிரிதான் கேட்டார்.

"ஒத்துக்கும்."

"பூத்துப்போன தரைய தேய்க்கணும். முட்டி தேஞ்சிபூடும்."

"தேயட்டும்."

"ஒரு கண்டிசனு. கவர நான்தான் பிரிப்பேன்."

தலையை ஆட்டினேன்.

"டேப்பு புச்சா இருந்திச்சே, நைனா" என்றார். "பல்லு வலி. கொஞ்சம் கண்ண மூடிக்கினேன். ஏறு."

ஆபீசர் வீட்டில் கேனைத் திறக்கப் போனேன். மேஸ்திரி கையைப் பிடித்து நிறுத்தினார். தின்னர் ஊற்றவும் தரை காய்ந்திருக்க வேண்டுமாம். அவர் கன்னம் அன்று இன்னும் பெரிதாக இருந்தது.

"படு" என்றார்.

நான் குப்புறப் படுத்து, என் கன்னத்தை அந்த வெள்ளைத் தரையில் வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டேன். சில்லென்று இருந்தது.

"ஈரம் கீது அண்ணாத்த."

மேஸ்திரி சிரித்துவிட்டு, வலி தாங்காமல் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். டீ வாங்கி வர நானே எழுந்து போனேன். திரும்பியும் வந்தேன்.