முட்டி நைனா இறங்கிய ஏரிகள்

கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில், ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாத இடத்தில் இறங்கி நனையாமல் கரையேறத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். அவர் முட்டி நைனா. நாமெல்லாம் சிமெண்ட் தரையில் செருப்புப் போட்டு நடப்போம். அவர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வார். பேன்ட்டை முழங்காலுக்கு மேலே சுருட்டுவார். ஒவ்வொரு காலாகத் தூக்கித் தூக்கி வைத்து நடப்பார். என்ன இது என்று கேட்டால், "ஏரி மேடம், பாத்து வாங்க" என்று நமக்கும் கை கொடுப்பார்.

முழங்காலை அந்தப் பக்கம் முட்டி என்பார்கள். ஆந்திரா எல்லை பக்கம் என்பதால் ஐம்பதைத் தொட்ட ஆண்பிள்ளை எவராக இருந்தாலும் நைனாதான். இரண்டையும் சேர்த்து ஊரே அவருக்கு வைத்த பெயர் அது. ரேஷன் கார்டில் இருக்கிற பெயர் அவருக்கே மறந்திருக்கும் என்று நினைத்தேன்.

சில வருஷங்களுக்கு முன்னால் எனக்கு ஒரு ஒப்பந்த வேலை கிடைத்தது. மாவட்டத்தின் வடக்கு மூலையில் இருக்கிற ஆறு, ஏரி, ஓடை ஒவ்வொன்றையும் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். மனிதர் கை பட்டு அது எவ்வளவு உருமாறியிருக்கிறது என்று டேப்லட்டில் இருக்கும் படிவத்தில் குறிக்க வேண்டும். மூன்று கட்டங்கள். 'இயல்பாக உள்ளது', 'மாற்றப்பட்டது', 'நீர்நிலையாகக் கருத இயலாது'. இவ்வளவுதான். எனக்குக் கொடுத்த வாடகை ஜீப்பின் டிரைவர்தான் முட்டி நைனா.

முதல் கட்டத்தில் டிக் அடிக்க ஒரு ஏரிகூடக் கிடைக்காமல் ஒரு மாதம் அலைந்தேன். எல்லாமே தோண்டப்பட்டதாக, இல்லாவிட்டால் மூடப்பட்டதாக, அதுவும் இல்லாவிட்டால் நடுவில் ரோடு போட்டு இரண்டாக வகுக்கப்பட்டதாக இருந்தது. வெறுத்துப்போய், "இயல்பா இருக்கற ஏரி ஒண்ணே ஒண்ணு காட்டுங்க நைனா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்றேன்.

"அதுக்கு நீங்க ஆயிரம் வருசம் முன்னாடியே வேலைக்கு சேந்துருக்கணும் மேடம். ஏரின்றதே மனுசன் கரை கட்னதுதான? இந்தப் படிவத்த எவன் எழுதனான்?"

எழுதியவர் என் மேலதிகாரிக்கும் மேலதிகாரி. அவரிடம் போய் இதைக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஒருநாள் ஒரு இரும்பு உருக்கும் மில்லுக்குப் போனோம். கேட்டுக்கு முன்னாலேயே ஜீப்பை நிறுத்திவிட்டு நைனா பேன்ட்டைச் சுருட்ட ஆரம்பித்தார். வாட்ச்மேன் குழம்பிப்போனார்.

"இன்னா நைனா, தரைய கழுவியா வுட்டுக்கிறோம்?"

"முட்டி வரைக்கும் தண்ணில நின்னுக்கினு தரைன்றியேப்பா!"

"அப்போ நான் இன்னா, கெண்ட மீனா?"

"யூனிபார்ம் போட்ட கெண்ட."

வாட்ச்மேன் சிரித்துக்கொண்டே கேட்டைத் திறந்தார். எனக்குத்தான் மானம் போனது. கையில் செருப்போடு ஒருவர், பின்னால் டேப்லட்டோடு நான். அன்று சாயந்திரம் பழைய கிராம வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். அவர் பேன்ட்டைச் சுருட்டிய இடத்துக்கும் ஏரியின் எல்லைக்கோட்டுக்கும் பத்தடி வித்தியாசம்கூட இல்லை.

என் பெரியப்பா மகள் கல்யாணத்தில் நடந்தது இன்னும் மோசம். பொன்னேரி போகிற வழியில் புது மண்டபம். பந்தி நடக்கிறது, நைனாவை மட்டும் காணோம். வெளியே வந்து பார்த்தால், காம்பவுண்டு சுவரின் மேல் ஏறி உட்கார்ந்து, மடியில் இலையை வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். பெண் வீட்டார் யாரோ கோபித்துக்கொண்டு சுவர் ஏறிவிட்டார் என்று மாப்பிள்ளை வீட்டில் செய்தி பரவிவிட்டது. மாப்பிள்ளையின் தாய்மாமன் பதறிக்கொண்டு வந்து கை கூப்பினார்.

"எது கொறையா இருந்தாலும் மனசுல வச்சுக்காதீங்க சம்பந்தி. கீழ வாங்க."

"கொறையெல்லாம் ஒண்ணியும் இல்ல சார். கீழ இடுப்பு வரைக்கும் கீது. எறங்கனா எல மெதந்துடும்."

தாய்மாமன் இதைக் கோபத்தின் உச்சம் என்று எடுத்துக்கொண்டார். சமாதானப்படுத்த மூன்று தடவை பாயசம் வந்தது. மூன்றையும் குடித்துவிட்டுத்தான் நைனா இறங்கினார்.

அந்த வருஷ மழையில் அதே மண்டபத்தில் மெய்யாகவே இடுப்பளவு தண்ணீர் நின்றது. போட்டோ என் போனுக்கு வந்தது. "பாத்தீங்களா, நீங்க சொன்ன அளவேதான்!" என்று காட்டினேன். குதிப்பார் என்று நினைத்தேன். வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அன்று நாஷ்டாவும் சாப்பிடவில்லை.

இதெல்லாம் எப்படித் தெரியும் என்று அடிக்கடி கேட்பேன். ஒரே ஒரு தடவை பதில் வந்தது. "பத்து வருசம் டிப்பர் ஓட்னேன் மேடம். சவுடு அடிச்சேன்." சவுடு என்பது ஏரிக்குள் வெட்டி எடுக்கிற மண். எங்கள் பக்கத்தில் ரோடு, வீடு, கம்பெனி எல்லாம் அதைக் கொட்டித்தான் எழுந்தன. "ஒரு ஏரிய தோண்டி இன்னொரு ஏரிய மூடனோம். ரெண்டும் பூட்ச்சு" என்றார். அதற்கு மேல் கேட்டால் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டிவிடுவார்.

இவ்வளவு ஏரி காட்டியவர் ஒன்றே ஒன்றை மட்டும் காட்டவில்லை. ஆரம்பாக்கத்துக்கு மேற்கே, அவர் மனைவி வசந்தாவின் ஊரில் புங்கந்தாங்கல் என்று ஒரு சின்ன ஏரி பட்டியலில் இருந்தது. நைனாவும் அந்த ஊரில்தான் குடியிருந்தார். ஆனாலும் போகலாம் என்று நான் சொன்ன அன்றெல்லாம் ஏதாவது ஒன்று வந்தது. ஒருநாள் டயர் பஞ்சர். இன்னொரு நாள் வயிற்றுப்போக்கு. மூன்றாம் நாள், "அந்தப் பக்கம் நாய் ஜாஸ்தி மேடம், கடிச்சா பேஜாரு" என்றார். சொந்த ஊர் நாய் கடிக்குமா என்று சண்டை போட்டேன்.

கடைசியில் என் படிவங்களைச் சரிபார்க்கிற பொறியாளரே காரில் கிளம்பிவிட்டார். ஜீப்பும் வேறு வழியில்லாமல் பின்னால் போனது. ரேஷன் கடை வாசலில் ஊரே கூடியிருந்தது. தாங்கலில் புழுதி பறந்தது. அது தானாகவே காய்ந்துபோனது என்றார் பொறியாளர். வசந்தாதான் முன்னால் நின்றார். அப்பா கொடுத்த ஒரு ஏக்கர் நஞ்சை அந்தத் தாங்கலுக்குக் கீழேதான். தண்ணீர் வருவது நின்றுபோன பிறகு அதைக் கரம்பாகப் போட்டுவிட்டு, கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவப் போய்க்கொண்டிருந்தார்.

"தானா காஞ்சிதுன்றீங்களே சார், நாங்க இன்னா ஊதியா காய வெச்சோம்?" என்றார்.

பொறியாளர் கெட்டவர் இல்லை. "தண்ணி வர்ற வாய்க்கால் எங்கம்மா? அதக் காட்டுங்க. வரத்தே இல்லாத பள்ளத்தை நான் எப்படி ஏரின்னு எழுதறது?"

வாய்க்கால் இருந்தது என்று எல்லாருக்கும் தெரியும். எங்கே என்று கேட்டதும் நாலு பேர் நாலு திசையில் கை காட்டினார்கள். மேற்கே முழுக்கக் குடோன்கள், அவற்றுக்குப் போகிற ரோடுகள். மூன்றாவது கட்டத்தில் டிக் அடிக்கச் சொல்லிப் பொறியாளர் என்னிடம் தலையசைத்தார். அடித்துவிட்டால் புங்கந்தாங்கல் பட்டியலை விட்டுப் போய்விடும். வாய்க்கால் வெட்ட யாரும் வரமாட்டார்கள். அடுத்த குடோன் தாங்கலுக்குள்ளேயே வரும். வசந்தாவின் ஒரு ஏக்கருக்கு இனி தண்ணீர் கிடையாது. டேப்லட்டில் அந்தக் கட்டத்துக்கு விரலைக் கொண்டுபோனேன்.

"அது தானா காயல சார். நான்தான் மூடனேன்."

திரும்பிப் பார்த்தோம். ஜீப்பில் சாய்ந்து நின்றிருந்த நைனா முன்னால் வந்தார்.

"யோவ் டிரைவர், உன் வேலையப் பாருய்யா" என்றார் பொறியாளர்.

"அதான் சார் என் வேலையா இருந்துச்சு. குடோனுக்கு ரோடு போட காண்டிராக்டர் மண்ணு கேட்டாரு. வெயில் காலம். வாய்க்கால பாத்தா வெறும் பள்ளம் மாரி கெடந்துச்சு. கொட்டிக்கினே இருந்தேன். மழை வந்த அப்பாலதான் இன்னா பண்ணேன்னு புரிஞ்சிது. அதுக்குள்ள மேல தார் போட்டாங்க. இவகிட்ட சொல்ல வாய் வரல."

வசந்தா அவர் எதிரே போய் நின்றார்.

"எத்தினி லோடு?"

"நூத்தி பன்னெண்டு."

"மண்ணு எங்கேந்து எடுத்த?"

"தாங்கல்லேந்துதான். அதோட வயித்த அறுத்து அதோட தொண்டைலயே கொட்டினேன் வசந்தா."

அடிக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். வசந்தா விடுவிடுவென்று வீட்டுக்குப் போனார். கடப்பாரையோடு திரும்பி வந்தார். அதை அவர் காலடியில் போட்டார்.

"தோண்டு."

புளியமரத்துக்கும் கரண்ட் கம்பத்துக்கும் நடுவே, ரோட்டோரத்தில் நைனா தோண்டினார். கொஞ்ச நேரம் ஊர் வேடிக்கை பார்த்தது. பிறகு நாலு பேர் மண்வெட்டியோடு வந்து, அவரை வாயில் வந்தபடி திட்டிக்கொண்டே கூடத் தோண்டினார்கள். மேலே எல்லாம் சிவப்புச் சவுடு. நெஞ்சளவு போனதும் நிறம் மாறியது. வெள்ளை மணல், அதில் நத்தை ஓடுகள். தண்ணீர் ஓடிய தடம். பொறியாளர் குழிக்குள் இறங்கி ஒரு பிடி மணலை அள்ளினார். "மாற்றப்பட்டதுன்னு போடும்மா" என்றார். ஊர் கத்தின கத்தில் எனக்குக் காது அடைத்தது.

படிவத்தில் அடுத்த கேள்வி, 'மாற்றியவர்'. பொறியாளர் குரலைத் தாழ்த்தினார். "தெரியவில்லைன்னு போட்டுடு. எல்லாத்துக்கும் அப்படித்தான போட்டோம்? பேர் போட்டா இந்தாள் மேல கேஸ் வந்துடும்."

அது நைனாவின் காதில் விழுந்துவிட்டது. "போடுங்க மேடம். தெரியலன்னு எழுதனா நாளைக்கு எவனாச்சும் வந்து தானா காஞ்சிதுன்னு மாத்திடுவான்." குழிக்குள் நின்றபடியே ரேஷன் கார்டுப் பெயரைச் சொன்னார். மறக்கவில்லை. நான் அதை அப்படியே டைப் அடித்தேன்.

அப்புறம் அவரைத் தாலுகா ஆபீசுக்குப் பல தடவை கூப்பிட்டு, பெஞ்சில் உட்கார வைத்து, எழுதி வாங்கி அனுப்பினார்கள். அதைவிடப் பெரிய தண்டனையை வசந்தா கொடுத்தார். இரண்டு மாதம் ஒரு வார்த்தை பேசவில்லை. குழம்பில் மட்டும் மிளகாயை அள்ளிக் கொட்டினார். நைனா கண்ணில் தண்ணீரோடு சாப்பிட்டுவிட்டு, "காரம் நல்லா கீது" என்பாராம். அதற்கும் பதில் வராதாம்.

ரோட்டுக்கடியில் குழாய்ப் பாலம் போட்டு வாய்க்காலைத் திறந்தார்கள். அந்தக் கார்த்திகையில் ஒருநாள் காலை வசந்தா எனக்குப் போன் செய்தார். பின்னால் ஒரே இரைச்சல்.

"மேடம், தாங்கல் ரொம்பி வழிஞ்சி கோடி போவுது! கேக்குதா?"

"கேக்குதுங்க! நைனா எங்க?"

"இங்கதான் கீது அந்தாளு. தண்ணிய பாத்து அழுதுக்கினு கீது. ஊட்டுக்கு வாய்யா, சோறு ஆறுதுன்னு எத்தினி வாட்டி கூப்புடறது?"

'வாய்யா' என்று அவர் சொன்னதைக் கேட்டு நானும் இந்தப் பக்கம் அழுதேன்.

அந்த வேலையில் நூற்றுக்கணக்கான படிவங்கள் நிரப்பினேன். தோண்டிய ஏரி, மூடிய ஏரி, வளைவையெல்லாம் நிமிர்த்திக் கரை போட்ட ஆறு. 'மாற்றியவர்' என்ற இடத்தில் எல்லாவற்றிலும் 'தெரியவில்லை' என்றுதான் இருக்கிறது. ஒன்றில் மட்டும் தகப்பன் பெயரோடு ஒரு மனிதரின் பெயர் இருக்கிறது. அதை இங்கே எழுதமாட்டேன். அவரை யாராவது ஒரு வார்த்தை சொன்னால் எனக்குத் தாங்காது.