கடைக் கோட்டு மாட்டிய ஆள்

மே மாதம் ஒன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை, வைலே நகரத்தில் தோராவின் விக் கடையை விட்டு முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் கிளம்பிப் போய்விட்டார்கள். கதவு திறந்த சத்தம் கேட்கவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு முடிகூட அசையவில்லை. சொல்லப்போனால் அத்தனை பேர் நிற்க அந்தக் கடையில் இடமே கிடையாது. அவர்கள் போனது, கடையின் இணைய வேலைகளைப் பார்க்கும் வில்லாட்ஸின் கணினித் திரையிலிருந்து.

நடந்தது இதுதான். ஏதோ ஒரு பிரவுசர் அன்று தன்னைப் புதுப்பித்துக்கொண்டு, யார் வருகிறார் யார் போகிறார் என்று வேவு பார்க்கும் வெளியாள் நிரல்களை வாசலிலேயே மறிக்கத் தொடங்கியிருந்தது. மக்கள் எப்போதும்போலக் கடையின் இணையதளத்துக்கு வந்தார்கள், விக் பார்த்தார்கள், போனார்கள். வில்லாட்ஸின் கணக்கில் மட்டும் ஏறவில்லை. கணக்கில் ஏறாதவர் உயிரோடு இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? அன்று மதியம் அவர் ரொட்டியைத் தொடவில்லை.

இந்த இனத்துக்கு எண்ணிக்கைக்காரர் என்று பெயர் வைத்துக்கொள்வோம். நீங்கள் பார்த்திருப்பீர்கள். நல்ல மழை என்று நீங்கள் சொன்னால் எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்பார். நடந்து வந்தேன் என்றால் எத்தனை அடி என்பார். தன் கல்யாணத்தில் எத்தனை பேர் எத்தனை நிமிடம் உட்கார்ந்திருந்தார்கள் என்று கைவசம் கணக்கு வைத்திருப்பார், மாமியார் எதற்காகப் பாதியில் எழுந்து போனார் என்பது மட்டும் அவருக்கு இன்றுவரை தெரியாது. ‘டேட்டா பொய் சொல்லாது’ என்பது இவருடைய மந்திரம். உண்மைதான். டேட்டாவுக்கு வாய் கிடையாது. பொய் சொல்ல இவர் இருக்கிறார்.

தோராவின் கடையில் ‘டிஜிட்டல் தலைவர்’ என்ற பதவி வில்லாட்ஸுடையது. அந்தப் பிரிவில் அவருக்குக் கீழே யாரும் இல்லை. விக் முடையும் கெர்டா அவருக்கு எதிர் மேசை. அவள் அவரைத் தலைவரே என்றுதான் கூப்பிடுவாள், மரியாதைக்காக அல்ல.

புதன்கிழமை அவர் தீர்வோடு வந்தார்.

“தோரா, நம்ம வாசல்ல ஒருத்தன் நோட்டுப் புத்தகத்தோட நிக்கிறான்னு வெச்சுக்கோ. வர்றவங்க யாருடா நீன்னு கேட்டுத் துரத்துறாங்க. அதே ஆளுக்கு நம்ம கடைக் கோட்ட மாட்டி, உள்ள நிக்க வெச்சா?”

“யாரும் கேக்க மாட்டாங்க.”

“அவ்ளோதான் விஷயம். எண்ணுற வேலைய ஒரு சர்வருக்கு மாத்திட்டு, அந்த சர்வருக்கு நம்ம டொமைன்லயே ஒரு பேரு குடுத்துடுவோம். பிரவுசர் நம்ம ஆளுன்னு நெனச்சு விட்டுடும்.”

“ஆளு அதே ஆளுதானே?” என்றாள் தோரா.

“கோட்டு நம்மளோடது.”

கெர்டா ஊசியை நிறுத்தினாள். “எழுதினத யாருகிட்டக் கொண்டு போய்க் குடுப்பான், தலைவரே?”

“விளம்பரக் கம்பெனிகிட்ட.”

“அப்போ கோட்டு மட்டும்தான் நம்மளோடது.”

தோரா அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் பாதி புரியவில்லை. புரியவில்லை என்று சொல்லக் கூச்சம். எண்ணிக்கைக்காரர்கள் தழைப்பது இந்தக் கூச்சத்தில்தான். அவள் தலையாட்டினாள்.

வெள்ளிக்கிழமை பெயர் சூட்டும் கூட்டம். ரொட்டி, வெண்ணெய், சீஸ், இரண்டு வகை ஜாம். வில்லாட்ஸ் எழுந்து நின்று விதிகளை வாசித்தார்.

“பேர்ல டிராக்கிங்னு வரக் கூடாது. கணக்கு, அளவு, எதுவும் கூடாது. தடுப்பு நிரல்கள் அந்த வார்த்தைகளப் பாத்தா உடனே பிடிச்சிடும். அப்பாவியா ஒரு பேரு வேணும்.”

“போலீஸ் தேடுறவன் பிள்ளைக்குப் பேரு வைக்கிற மாதிரி இருக்கு” என்றாள் கெர்டா.

சூரியன் என்றார்கள், பட்டு என்றார்கள். நாற்பது நிமிடம் கழித்து வில்லாட்ஸே கண்டுபிடித்தார். ‘அக்கறை.’ அக்கறை, ஒரு புள்ளி, அதற்குப் பின்னால் கடையின் பெயர். எப்படி? ஊரில் எவனாவது அக்கறையைச் சந்தேகப்படுவானா?

டொமைன் பதிவுப் பக்கத்தில் ஒரு வரி சேர்த்தார்: அக்கறை எங்கே என்று யார் கேட்டாலும் இந்த சர்வருக்கு அனுப்பு. செய்தி உலகம் முழுக்கப் பரவ நாற்பத்தெட்டு மணி நேரம் ஆகலாம் என்றது பக்கம். மற்றவர்கள் வீட்டுக்குப் போனார்கள். எண்ணிக்கைக்காரர் மட்டும் பிரசவ வார்டு வாசலில் நிற்கும் கணவனைப் போல அந்தப் பக்கத்தையும், எண்ணிக்கை ஏறுகிறதா என்று கடையின் தளத்தையும் புதுப்பித்தார், போனில் புதுப்பித்தார், வீட்டுக் கணினியில் புதுப்பித்தார், மனைவியின் போனைப் பிடுங்கிப் புதுப்பித்தார். திங்கட்கிழமை காலை பச்சை டிக் விழுந்தது. பிறந்தநாள் மேசைக்கு வைக்கும் சின்னக் கொடிகளை வாங்கிவந்து, ஒரு கேக்கைச் சுற்றி நட்டார்.

“முந்நூத்தி நாப்பது! போனவங்கள விட அதிகமா வந்திருக்காங்க.”

கெர்டா கேக்கை மென்றபடி கேட்டாள். “அதுல நீ எத்தன பேரு?”

பார்த்தார்கள். இருபத்தெட்டு பேர். அந்த இருபத்தெட்டு பேருக்கும் நீளமான பொன்னிற விக் மேல் தீவிர நாட்டம் என்றும் அறிக்கை சொன்னது. வில்லாட்ஸின் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. “சோதனைப் போக்குவரத்து” என்றார். தோல்விக்கு இவர்களிடம் எப்போதும் ஒரு நல்ல பெயர் தயாராக இருக்கும்.

தோராவும் சிரித்தாள். ஆனால் அடுத்த வாரமே, காபி போடுவதற்கு முன் வில்லாட்ஸின் திரையில் வருகையைக் காட்டும் பச்சைக் கோடு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்கப் பழகிவிட்டாள்.

அந்த மாதக் கடைசியில் எல்செபெத் வந்தாள். ஒரு பல் மருத்துவரிடம் வேலை பார்ப்பவள், நாற்பத்தொன்பது வயது. உள்ளறைக் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து, தன் முடியை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

“அடுத்த வாரம் முதல் கீமோ ஊசி. மூணு வாரத்துல கொட்ட ஆரம்பிக்கும்னாங்க. எம் பொண்ணு மாரெனுக்கு ஜூன் இருபத்திரெண்டு கடைசிப் பரீட்சை. அவ பள்ளி முடிச்சு அந்த வெள்ளைத் தொப்பியப் போடுற வரைக்கும் அவளுக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா ஒரு வரி படிக்க மாட்டா.”

“புரியுது.”

“வீட்டுல எல்லாருக்கும் ஒரே டேப்லெட்தான். அதுலதான் உங்க விக்கப் பாத்தேன். குக்கி வேணுமான்னு கேட்டுச்சு, வேண்டாம்னு அழுத்திட்டேன். அது போதும்ல?”

“போதும்” என்றாள் தோரா. “இங்கேருந்து ஒரு வார்த்தை வெளியே போகாது, எல்செபெத்.”

அவள் மனதாரச் சொன்னாள். முப்பது வருடமாக அந்த அறையிலிருந்து ஒரு வார்த்தையும் போனதில்லை.

நான்கு நாள் கழித்து எல்செபெத்தின் போன்.

“காலைல கஞ்சி கிண்டிட்டு இருந்தேன். மாரென் டேப்லெட்ட நீட்டி, மழை வருமான்னு பாரும்மான்னா. மழைக்குப் பக்கத்துல உங்க விக் விளம்பரம். நான் பாத்து வெச்ச அதே விக்.” மூச்சு வாங்கினாள். “அவ பாத்தாளா, பாக்கலயான்னு தெரியல. கேக்கவும் முடியாது. எனக்கு உங்க விக் வேண்டாம், தோரா. வேற ஊர்ல பாத்துக்கறேன்.”

தோரா நேராக வில்லாட்ஸின் மேசைக்குப் போனாள்.

“அவ வேண்டாம்னு அழுத்தினா.”

“அது பிரவுசருக்குச் சொன்ன பதில். சர்வருக்கு அதக் கடத்துற வேலை ரெண்டாம் கட்டத்துல வெச்சிருந்தேன்.”

“வேண்டாம்னு சொன்னா, வில்லாட்ஸ்!”

“சொல்லலன்னு நான் சொல்லவே இல்லயே. பாரு, பதிவாகியிருக்கு.” திரையைத் திருப்பினார். வேண்டாம் என்றவர்கள் நாற்பத்தொரு சதவீதம், அழகான நீலத்தில். மறுத்தவர்களையும் மறுத்ததையும் எண்ணி வைத்திருந்தார். மறுப்பு என்றால் என்ன என்பதுதான் எந்தக் கட்டத்திலும் இல்லை. “ஒரு வகைல பாத்தா, சிஸ்டம் சரியா வேல செய்யுதுன்னுதானே அர்த்தம்?”

கெர்டா கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

தோரா பதிவுப் பக்கத்தைத் திறக்கச் சொல்லி, அக்கறையைத் தன் விரலாலேயே அழித்தாள்.

“அழிச்சாலும் எல்லா எடத்துலயும் போய்ச் சேர நாப்பத்தெட்டு மணி நேரம் ஆகும்” என்றார் வில்லாட்ஸ், உதவியாக.

எல்செபெத்துக்கு அவள் மன்னிப்புக் கேட்டு மெயில் அனுப்பினாள். பதில் இல்லை. ஜூன் இருபத்திரண்டாம் தேதிக்கு மறுநாள், பள்ளி முடித்ததைக் கொண்டாடும் வெள்ளைத் தொப்பிப் பிள்ளைகளை ஏற்றிய லாரி ஹாரன் அடித்துக்கொண்டு கடைத் தெரு முனையைக் கடந்தது. தோரா வாசலுக்கு ஓடி வந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். மாரெனை அவளுக்கு அடையாளம் தெரியாது.

வில்லாட்ஸுக்கு என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? இவர்களுக்கு என்ன ஆகும்! ஆகஸ்டில் ஒரு பெரிய மரச்சாமான் கம்பெனிக்குப் போனார். ‘அக்கறையோடு அளப்பது எப்படி’ என்று இப்போது மேடை ஏறிப் பேசுகிறார். பேச்சு முடிந்ததும் எத்தனை பேர் கைதட்டினார்கள் என்று கேட்டு வாங்கிக்கொள்கிறாராம்.

சிரித்துவிட்டீர்களா? நல்லது. நேற்று நீங்கள் போட்ட படத்தை யார் யார் பார்த்தார்கள் என்று எத்தனை முறை திறந்து பார்த்தீர்கள்? நீல டிக் விழுந்தும் பதில் போடாத தங்கையிடம் எத்தனை நாள் முகம் திருப்பினீர்கள்? பிள்ளையின் போன் எந்தத் தெருவில் நிற்கிறது என்று பார்த்துவிட்டு, அதற்கு என்ன பெயர் வைத்தீர்கள்? அந்தக் கோட்டு எல்லா அளவிலும் தைக்கப்படுகிறது. உங்கள் தோளுக்கு எப்படி இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வருடம் மார்ச் மாதம் தோராவுக்கு ஒரு செய்தி வந்தது.

“நான் மாரென், எல்செபெத்தோட பொண்ணு. அம்மாவுக்கு முடி வளந்துடுச்சு, இப்ப சுருட்டையா வருது. நீங்க மன்னிப்புக் கேட்ட மெயில இன்னிக்குத்தான் காட்டினாங்க. பரீட்சை வரைக்கும் எனக்கு எதுவும் தெரியாதுன்னு அம்மா நம்பிட்டு இருக்காங்க. அப்படியே இருக்கட்டும், நீங்களும் சொல்லிடாதீங்க. ஆனா யாராவது ஒருத்தருக்குத் தெரியணும்னு தோணுச்சு. அந்த வாரம் டேப்லெட்ல உங்க விக் பதினோரு தடவை வந்துச்சு. அம்மா பாக்குறதுக்குள்ள பத்து தடவை மூடிட்டேன்.”