ஸ்ரௌவ்வில்லில் பொன்னாடை அண்ணை போர்த்திய வீரர்

பிள்ளைகளே, பொன்னாடை அண்ணையிடம் தப்பிய தோள் கனடாவிலேயே கிடையாது. எங்கள் தெருவில் பனி தள்ளுகிறவருக்குப் போர்த்தினார். மார்க்கம் நகரில் என் பல்லைப் பிடுங்கிய வைத்தியருக்கு, நான் வாயைத் திறந்தபடி கிடக்க, என் தலைக்கு மேலாலேயே போர்த்தினார். அவருடைய சொந்தப் பெயர் அவர் மனைவிக்கு மட்டும்தான் ஞாபகம்.

ஒரு நவம்பரில், பெரிய உலகப் போரில் பேரெடுத்த நூறு வயதுப் படைவீரர் ஒருவர் பக்கத்து ஊரான ஸ்ரௌவ்வில்லுக்கு வருவதாக அறிவித்தார்கள். மேயர், பாண்ட் வாத்தியம், கொடி பிடித்த பிள்ளைகள் என்று ஏகப்பட்ட ஏற்பாடு. அண்ணை நகரசபைக்கு மூன்று தரம் ஏறி இறங்கி, வீரருக்குப் போர்த்த ஒரு நிமிடம் வாங்கிவிட்டார்.

"ஒரு நிமிசம் காணுமோ அண்ணை?" போதுமா என்ற கவலை எனக்கு.

"போத்த அரை நிமிசம், படம் எடுக்க அரை நிமிசம். நீர் காரை ஓடினாக் காணும்."

வழி முழுக்க அந்தச் சிவப்புப் பொன்னாடையைக் குழந்தைபோல மடியில் வைத்திருந்தார். நான் பிரேக் அடித்தால், "மெல்ல ஐசே, கசங்கப் போகுது!" என்று கத்துவார். நான் கசங்கினால் பரவாயில்லை.

கறுப்புக் கார் வந்து நின்றது. தங்கக்கரைத் தொப்பியோடு ஒருவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இறங்கினார். அண்ணை பாய்ந்து போய்ப் போர்த்தி, கும்பிட்டும் விட்டார். பாண்ட் நின்றுவிட்டது.

"அண்ணை, உவர் ட்ரைவர்! வீரர் இன்னும் காருக்குள்ளை. கெதியாக் கழட்டுங்கோ!" என்று ஓடிப்போய்ச் சொன்னேன்.

அண்ணையின் முகம் சுருங்கிப் போயிற்று. ஒரு மாதமாக ஒத்திகை பார்த்த நிமிடம் அது. பாவம், ட்ரைவர் தானாகவே பொன்னாடையைக் கழற்றப் போனார். அண்ணை அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார்.

"சீ! போத்தினதைக் கழட்டுறதோ? இவ்வளவு சனத்துக்கு முன்னாலை இந்த மனிசனுக்கு வெக்கக்கேடு இல்லையோ?"

பிறகு தன் தடித்த குளிர் ஜக்கெற்றைக் கழற்றினார். உள்ளே மெல்லிய சட்டையும் வேட்டியும்தான். காருக்குள் குனிந்து, அந்த முதியவரின் தோளில் ஜக்கெற்றைப் போர்த்தினார்.

கிழவர் அதைத் தடவிப் பார்த்தார். "நல்ல சூடு. யாருடையது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"யுவர்ஸ் சேர்! கீப், கீப்!"

வீரர் அண்ணைக்கு ஒரு சல்யூட் அடித்தார். கூட்டம் கைதட்டி ஓயவில்லை. அண்ணையின் வீட்டுக் கதவுத் திறப்பு அந்த ஜக்கெற் பொக்கற்றுக்குள் போய்விட்டது பிறகுதான் தெரிந்தது.

திரும்பும்போது அவருடைய பல்லெல்லாம் கிடுகிடுத்தது. காரை ஓரம் கட்டி, என் ஜக்கெற்றை எடுத்து அவர் தோளில் போட்டேன். அவர் திடுக்கிட்டுப் பார்த்தார்.

"எனக்குப் போத்துற அளவுக்கு நான் என்ன செய்துபோட்டன், ஐசே?"

"குளிருக்குத்தான் அண்ணை" என்றேன்.

பிள்ளைகளே, அது பொய்.