காலிப் பேருந்து அறிக்கை

டிவி விவாதங்களில் கோட் போட்டுக்கொண்டு, "தரவுகள் என்ன சொல்கின்றன என்றால்..." என்று ஆரம்பிப்பவர்களைக் கண்டால் எனக்குக் காது சூடாகிவிடும். நானும் அவர்களில் ஒருவன்தான். சென்னையில் ஓர் அரசியல் கொள்கை ஆய்வு மையத்துக்கு இயக்குநர். (பெண் பார்க்கப் போன இடத்தில், எந்தப் படம் என்று கேட்டார்கள்.) அரசாங்கம் என்ன செய்ய வேண்டும் என்று அரசாங்கத்துக்கே எழுதிக் கொடுப்பது எங்கள் தொழில். அப்படி எழுதிக் கொடுத்து நான் மானம் கெட்ட கதை இது.

கல்யாணமான புதிதில் மலைக் கிராமப் பேருந்துகளைப் பற்றி ஓர் அறிக்கை தயாரித்தோம். நான் களத்துக்கே போய்ப் பார்த்து எழுதுகிற ஆள் என்று அலுவலகத்தில் மார்தட்டிவிட்டு, சங்கராபுரத்தில் மாமியார் வீட்டில் தங்கி, விடிந்ததும் கல்வராயன் மலைக்குப் போகும் பேருந்தில் ஏறினேன். ஓட்டுநர், நடத்துநர், நான். வேறு ஓர் ஈ காக்கை இல்லை. நோட்டை எடுத்துக் 'காலி' என்று எழுதி இரண்டு முறை அடிக்கோடு போட்டேன்.

நடத்துநர் எட்டிப் பார்த்தார். "இப்ப காலியாதான் சார் இருக்கும். கீழ போவ சொல்ல பாருங்க, படிக்கட்டுல கூட எடம் கெடைக்காது."

'வேலை போய்விடுமோ என்ற பயத்தில் பேசுகிறார்' என்று அதையும் குறித்துக்கொண்டேன். (எவ்வளவு நுட்பமான ஆய்வாளன் பாருங்கள்!)

வளைவுகள் ஆரம்பித்ததும் மாமியார் வைத்த இட்லிகள் ஒவ்வொன்றாக ஜன்னல் வழியே வெளியேறின. மலைமேல் இறங்கியதும் ஒரு புளியமரத்தடியில் ஈரக் கைக்குட்டையை முகத்தில் போட்டுப் படுத்துவிட்டேன். திரும்பவும் அந்தப் பேருந்தில் ஏறுவதைவிட உயிரை விடலாம் என்று தோன்றியது. மச்சான் குமரனுக்கு போன் போட்டுக் காரைக் கொண்டுவரச் சொன்னேன். சற்றுத் தள்ளி ஏதோ ஆரவாரம் கேட்டது. கல்யாணக் கூட்டமாக இருக்கும் என்று கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

அறிக்கை வெளியானது. டிவியில் உட்கார்ந்து, காலிப் பேருந்தை மலைமேல் ஏற்றி இறக்குவது வீண் என்று முழங்கினேன். சொன்னால் நம்பமாட்டீர்கள், எங்கள் மையம் எழுதியதை அரசாங்கம் கேட்டது அதுதான் முதல் தடவை. பேருந்தை நிறுத்திவிட்டார்கள். அலுவலகத்தில் லட்டு கொடுத்தேன்.

சில மாதம் கழித்து அதே மலை ஊரில் கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்தேன். என் பெருமையைப் பார்க்கட்டும் என்று மனைவி கலாவையும் கூட்டிப்போனேன். பள்ளிக்கூட வாசலில் நான் பேசி முடித்ததும் ஓர் அம்மாள் எழுந்தார்.

"ஏன் சார், காலைல எவன் மலைக்கு வருவான்? நாங்க எல்லாம் மூட்டைய கட்டிக்கினு மேலதான குந்திக்கினு இருந்தோம், அது எப்ப வரும்னு. நீ கீழ போவ சொல்ல பஸ்ஸுல பாக்கலியா?"

"நான்... கார்ல போனேங்க."

யாரும் சிரிக்கவில்லை. அந்த அம்மாள் மட்டும் மெதுவாகச் சொன்னார்: "எம் பொண்ணு அதுலதான் ஸ்கூலுக்குப் போய்க்கினு இருந்தா. இப்ப வூட்டுலதான் இருக்கா."

பூமி பிளந்து என்னை விழுங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிளக்கவில்லை. கலா என் முகத்தைப் பார்க்காமல் காரில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

மறுவாரமே, நான் எழுதியது தப்பு என்று எழுதிக்கொண்டு போக்குவரத்துத் துறை அதிகாரியிடம் ஓடினேன். அவர் கோப்பைப் புரட்டினார். "இதுல உங்க அறிக்கைதான சார் ஆதாரமா இருக்கு? டிவில வேற அவ்ளோ உறுதியா சொன்னீங்களே!" நிறுத்தும்போது பறந்த கோப்பு இப்போது ஊர்ந்தது. அடுத்த பள்ளி ஆண்டு பிறந்த பிறகுதான் பேருந்து திரும்ப வந்தது.

இதெல்லாம் மாமியார் வீட்டில் பெரிய வேடிக்கை. எந்த விசேஷத்திலும் நான் வாயைத் திறந்து ஒரு கருத்து சொன்னால் போதும், குமரன் ஆரம்பித்துவிடுவான்: "மாமா, இது ஏற சொல்ல பாத்ததா, எறங்க சொல்ல பாத்ததா?" பந்தியே சிரிக்கும். கலா எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரிப்பாள். நானும் சிரித்துவைப்பேன்.

அவர்களுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. பேருந்து மறுபடி ஓடத் தொடங்கிய வாரம் நான் யாரிடமும் சொல்லாமல் போய் அதில் ஏறினேன், இறங்கும்போதும் அதிலேயே வந்தேன். நிற்க இடமில்லை. என் முகம் வெளுத்ததைப் பார்த்துச் சீருடையில் இருந்த ஒரு பெண் ஜன்னலோர இருக்கையை எனக்கு விட்டுக்கொடுத்தாள். என்ன வகுப்பு என்று கேட்டேன்.

"பதினொண்ணுங்க சார். இந்நேரம் பன்னெண்டு போயிருக்கணும். நடுவுல பஸ்ஸ நிறுத்திட்டாங்க. மெட்ராஸ்ல எவனோ எழுதிக் குடுத்துட்டானாம்."

அந்த எவனோ நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. சங்கராபுரம் வரும் வரை அவள் நின்றுகொண்டு வந்தாள், நான் அவள் இடத்தில் உட்கார்ந்துகொண்டு வந்தேன். இதைக் கலாவிடம்கூட இன்னும் சொல்லவில்லை.