மாடசாமி கணக்கப்பிள்ளையின் இங்கிலீசு

"லயத்துப் பேச்சு இன்னும் வாயை விட்டுப் போகலையே, கணக்கப்பிள்ளை" என்று பெரிய கிளாக்கர் தர்மலிங்கம் ஆபீசில் நாலு பேர் முன்னால் சொல்லிச் சிரித்ததுதான் வினையாகப் போயிற்று. இனித் தமிழே பேசுவதில்லை என்று மாடசாமி முடிவு கட்டிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பதுளைக் கடைவீதிக்குப் போய் ஓர் இங்கிலீசு அகராதி வாங்கி வந்தார்.

பாவம், மனுஷனுக்கு ஏற்கெனவே பேச ஆள் கிடையாது. பூனாகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், கூலிச்சனம் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் பிறந்து கணக்கப்பிள்ளையானவர். உத்தியோகம் வந்ததும் தனி வீடு கொடுத்தார்கள். அன்றிலிருந்து லயத்துச் சனம் அவரைக் கண்டால் ஒதுங்கி நின்றது. ஆபீஸ்காரர்களோ கிட்டச் சேர்க்கவில்லை. இங்கிலீசு வந்துவிட்டால் அங்கே தனக்கும் ஒரு நாற்காலி போடுவார்கள் என்று நம்பினார்.

நாளைக்கு ஐந்து சொல். சொல்லிக்கொடுக்க யாருமில்லை, ஆகவே எழுத்துக்கூட்டி வாய்க்கு வந்தபடி உச்சரித்துப் பழகினார். முதலில் காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கும்போது எடுத்துவிட்டார். கொழுந்தெடுக்கும் பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். மறுநாள் கங்காணி பெண்சாதி ரெங்கம்மா திருநீறும் வேப்பிலையுமாக வாசலில் வந்து நின்றாள்.

"அய்யாவுக்குக் காத்துக் கருப்பு பட்டிருக்குன்னு லயமே பேசிக்குதுங்க" என்றாள்.

மாடசாமி அதற்கும் இங்கிலீசிலேயே பதில் சொன்னார். அவள் வேப்பிலையைப் போட்டுவிட்டு ஓடினாள். கடுதாசி எழுதித் தரச்சொல்லி வந்துகொண்டிருந்த இரண்டொருவரும் அதோடு நின்றுபோனார்கள். ஆபீசில் அவர் வாயைத் திறந்தாலே சிரிப்பு. சொல் போதவில்லைபோலும் என்று நாளைக்குப் பத்தாக ஏற்றினார்.

அந்தச் சமயத்தில்தான் தோட்டத்தை மேற்பார்க்கச் சீமையிலிருந்து புதிய சின்னதுரை வந்தார். மீசைகூடச் சரியாக முளைக்காத வயது, மேட்டுப் பங்களாவில் ஒண்டியாக இருந்தார். ஒரு சாயங்காலம் நேரே மாடசாமி வீட்டுக்கு வந்து எதிரே உட்கார்ந்து, "மழ வருமா?" என்று தமிழில் கேட்டார்.

மாடசாமிக்குச் சுருக்கென்றது. துரைகூடத் தன்னை லயத்து ஆள் என்றுதான் நினைக்கிறாரா? "அபுண்டண்டு, அட்மோஸ்பீரு" என்று அடித்துவிட்டார்.

துரை திகைத்துப் போனார். பிறகு காகிதத்தை எடுத்து, மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டு எழுதிக்கொண்டார். மாடசாமிக்குத் தலைகால் புரியவில்லை. வெள்ளைக்காரனுக்கே தெரியாத இங்கிலீசு நமக்குத் தெரிந்திருக்கிறதே!

அப்புறம் துரை தினமும் வந்தார். மாடசாமி சொல்வார், துரை எழுதிக்கொண்டு திரும்பச் சொல்வார், இருவருமாகத் தேத்தண்ணி குடிப்பார்கள். ஒருத்தர் தன்னைத் தேடி வருகிறாரே, மாடசாமிக்கு அதுவே போதுமாக இருந்தது.

ஒரு மாதம் கழித்துத் துரை குதிரையேறிப் பதுளைக்குப் போனார். திரும்பி வந்தும் மூன்று நாளாக எட்டிப் பார்க்கவில்லை. இரண்டு கோப்பைகளை வைத்துக்கொண்டு ஒற்றை ஆளாக உட்கார்ந்திருக்க மாடசாமியால் முடியவில்லை. இங்கிலீசும் வேண்டாம் ஒரு மண்ணும் வேண்டாம், என்ன கோபம் என்று நம் பேச்சிலேயே கேட்டுவிடலாம் என்று பங்களாவுக்கு நடந்தார். குசினி வாசலில் சமையல்காரர் முத்தையா பெட்டிகளுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்.

"தொரைக்கு எம்மேல வருத்தமாய்யா? நா பேசுனது ஏதும் தப்பாப் போச்சா?" என்று கேட்டார் மாடசாமி.

முத்தையா கயிற்றை விட்டுவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"தமிழ்ப் பரீட்சை தேறுனாத்தான் வேலைங்க, அதான் லயத்துத் தமிழு உங்ககிட்ட சுத்தமாக் கெடைக்கும்னு தேடித் தேடி வந்தாரு, நீங்க சொல்லிக்குடுத்ததையெல்லாம் தமிழுன்னு நெட்டுருப் போட்டுப் பதுளையில ஒப்பிச்சாரு, நாளைக்கு ஊருக்கே அனுப்புறாங்க."