இடப்பக்கத்து இஞ்சின்

“புத்தகம் புரட்டுறவளுக்கு நட்டுக் கழட்டத் தெரியுமே?” என்று மாமா கேட்டார். என்னிடம் அல்ல, என்னைப் பெற்ற ஐயாவிடம். நான் பக்கத்தில்தான் நின்றேன். என்னைப் பற்றிய கேள்விகளை என்னிடமே கேட்கும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை.

நட்டுக் கழற்ற எனக்குத் தெரியும். வேறொன்றுதான் தெரியாமல் இருந்தது. அதை இங்கே எழுதி ஒப்புக்கொள்கிறேன். (மாமாவுக்கு வாசிக்கத் தெரியாது என்ற துணிவில்தான்.)

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைக் கடைசி வகுப்புவரை பார்த்த முதல் ஆள் நான். தெற்கில் ஒரு பொறியியல் பீடத்தில் இடம் கிடைத்திருந்தது. படிவத்தில் ஐயாவின் கைநாட்டு வேண்டும். பெட்டைப் பிள்ளையைத் தனிய அவ்வளவு தூரம் விடக்கூடாது என்று மாமா தடுத்தார். ஐயா யாரையும் பகைக்க விரும்பாமல், வளவில் செத்துக் கிடந்த பிக்கப் வண்டியைக் காட்டினார்.

“உதைப் பிள்ளை திருத்தட்டும். வெங்காயத்தோடை கொடிகாமம் போய்ச் சேர்ந்தால் கைநாட்டு வைக்கிறன்.”

அந்தப் பிக்கப் என்னைவிட மூத்தது. போரால் பெற்றோல் வராத அந்த வருடங்களில் மண்ணெண்ணெய் குடித்துக் குடித்தே அதன் சின்ன இஞ்சின் முடிந்துபோனது. ஐயா புத்தூரிலிருந்து கொடிகாமம் சந்தைக்கு வெங்காய மூட்டையைச் சைக்கிளில் கட்டி உழக்கிக்கொண்டிருந்தார். அதே அளவு இஞ்சின் எங்கு தேடியும் இல்லை. கடலுக்குப் போகத் தடை இருந்ததால் குருநகரில் மட்டும் படகு இஞ்சின்கள் சும்மா கிடந்தன. சின்னப் பிக்கப்புக்குள் பெரிய டீசல் இஞ்சினை ஏற்றுவதென்று முடிவெடுத்தேன். (ஆட்டுக்கொட்டிலில் எருமையைக் கட்டுகிற வேலை. அப்போது அதற்குப் பொறியியல் என்று பெயர் வைத்திருந்தேன்.)

இஞ்சின் தந்தவர் குருநகர் யோசப் அண்ணை. அவருடைய லோஞ்சுப் படகுக்குப் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு இஞ்சின். கடல் திறக்கும்வரை அவர் வீட்டுக்கு மரக்கறி எங்கள் தோட்டத்திலிருந்து போகும் என்பது ஏற்பாடு. இஞ்சினைக் கையால் தட்டியபடி சொன்னார்:

“இது இடப்பக்கத்து இஞ்சின், தங்கச்சி. விளங்குதுதானே?”

“ஓம், தெரியும்” என்றேன்.

தெரியாது. இடப்பக்கம் இருந்தால் என்ன, வலப்பக்கம் இருந்தால் என்ன, இஞ்சின் இஞ்சின்தானே என்று நினைத்தேன். கேட்டிருக்கலாம். ஆனால் நான் ஒரு கேள்வி கேட்டால் எங்கள் குடும்பத்தின் மொத்தப் படிப்பும் கீழே விழுந்து உடைந்துவிடும் என்பது அப்போதைய என் கணக்கு. மொத்தப் படிப்பும் நான் ஒருத்திதானே.

வேறு யாரிடமும் கேட்கவும் வழியில்லை. என்னோடு கணிதம் படித்த மூவரில் ஒருத்தி கொழும்பில், ஒருத்தி கனடாவில். மூன்றாமவள் எங்கே என்று அவள் வீட்டிலேயே கேட்க முடியாது. வீட்டில் என் கொப்பியை அம்மா விரித்துப் பார்த்து, “எழுத்து வடிவாயிருக்கு” என்பார். கணக்குப் பிழையாக இருந்தாலும் எழுத்து வடிவாகத்தான் இருக்கும். பட்டறைக்காரரோ என் வரைபடத்தை வாங்கிக்கொண்டு ஐயாவின் முகத்தைப் பார்த்துத்தான் பதில் சொல்வார். மூன்று வாரம் நான் என்னோடு மட்டும் ஆலோசனை நடத்தினேன். ஒரு கூட்டத்திலும் எதிர்ப்பு வரவில்லை.

நீளம், அகலம், உயரம், பாரம் எல்லாம் அளந்தேன். பழைய கியர்பெட்டியோடு புது இஞ்சினைப் பொருத்த ஓர் இரும்புத் தகடு வரைந்து வெட்டுவித்தேன். அது மயிரிழை பிசகாமல் பொருந்தியது. (இன்றைக்கும் அந்தத் தகட்டைப் பற்றிப் பேச ஆள் தேடுகிறேன்.) இஞ்சினுக்கு மேல் மூடி மட்டும் மூடவில்லை, அதில் ஓட்டை வெட்டினோம். முன்பக்கம் பாரத்தில் பதிந்து, பிக்கப் தொட்டியில் தண்ணீர் குடிக்கும் மாடு போல நின்றது.

இஞ்சினைக் கயிறு சுற்றி இழுத்துத்தான் தொடக்க வேண்டும். ஐயா தோட்டத்து இறைப்பு இஞ்சினுக்குச் சுற்றுவது போலவே சுற்றி இழுத்தார். அது உதைத்தது. கயிற்றை மறுபக்கமாகச் சுற்றினார். ஒரே இழுவையில் தொடங்கியது. ஐயா கயிற்றோடு நின்று யோசித்தார்.

“பிள்ளை, இது மற்றப் பக்கமெல்லோ சுத்துது?”

“பெரிய இஞ்சின் அப்பிடித்தான் ஐயா. உங்களுக்கு உது விளங்காது.”

ஐயா கயிற்றைச் சுருட்டி வைத்துவிட்டு வெங்காயம் ஏற்றப் போனார். இந்தக் கதையில் எல்லாரும் சிரிக்காமல் தாண்டிப் போகும் இடம் இதுதான்.

புறப்படும் காலையில் அயல் முழுவதும் கூடிவிட்டது. ஐயா வெங்காய மூட்டைகளின் மேல் ஏறி உட்கார்ந்தார். நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, பாதுகாப்பு விதிகள் அறிந்தவளாக, “முன்னுக்கு ஒருத்தரும் நிக்கக் கூடாது, எல்லாரும் பின்னாலை போங்கோ” என்று உத்தரவிட்டேன். சனம் அப்படியே பின்னால் போனது. மாமா எல்லாருக்கும் நடுவில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

முதலாம் கியரைப் போட்டேன். பிக்கப் பின்னால் போனது.

பிழையான கியர் என்று நினைத்து இரண்டாவதைப் போட்டேன். இன்னும் வேகமாகப் பின்னால் போனது. சனம் சிதறியது. வேலி விழுந்தது. மாமா கட்டிய கையை அவிழ்க்காமலே வாய்க்காலுக்குள் இருந்தார். மூட்டைகளின் மேலிருந்து ஐயாவின் குரல் வந்தது: “பிள்ளை, மெல்ல.”

லோஞ்சின் இரண்டு இஞ்சின்களும் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் சுற்றும். இடப்பக்கத்தது மறுபக்கமாகச் சுற்றுவது. அதைப் பிக்கப்பில் பூட்டினால் நான்கு கியரும் பின்னால் இழுக்கும். ரிவேர்ஸ் கியர் ஒன்றுதான் முன்னால் போகும். ஐயா கயிற்றிலேயே கண்டுபிடித்ததை நான் வேலிக்குள் இருந்துகொண்டு கண்டுபிடித்தேன்.

இறங்கி வீட்டுக்குள் ஓடிவிடலாம் என்றிருந்தது. ஆனால் கொடிகாமம் போய்ச் சேர வேண்டும் என்பதுதான் பேச்சு. ரிவேர்ஸ் கியரைப் போட்டேன். பிக்கப் அலறிக்கொண்டு, ஆள் நடக்கிற வேகத்தில், முன்னால் நகர்ந்தது.

கொடிகாமம்வரை அப்படியே போனோம். சைக்கிள்கள் முந்தின. ஒரு மாட்டுவண்டிகூட முந்தியது. வண்டிக்காரர் இரக்கப்பட்டுத் திரும்பிப் பார்த்தார். ஊர் முடிந்து இரண்டு பக்கமும் உவர்வெளி வந்ததும் பார்க்க ஆளில்லை. அங்கேதான் அழுதேன். இஞ்சின் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. ஐயா மேலே இருந்தார். எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு கண்ணாடியும் பத்து மூட்டை வெங்காயமும் நான் சொன்ன ஒரு வார்த்தையும் இருந்தன.

சந்தை கலையும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். மாமா சைக்கிளில் முன்னரே வந்து, வேட்டியில் சேறு காய்ந்தபடி காத்திருந்தார்.

“அத்தான், உது சரியா ஓடேல்லையே” என்றார்.

ஐயா இறங்கி மூட்டைகளைத் தடவிப் பார்த்தார். “மெல்ல வந்தபடியால் வெங்காயம் ஒண்டும் நசியேல்லை” என்றார். பிறகு என்னிடம் படிவத்தைக் கேட்டார். மை தேடவில்லை. இஞ்சினில் பெருவிரலைத் தேய்த்து, கறுப்பு எண்ணெயோடு அமுக்கினார். “போய்ச் சேர்ந்ததுதானே.”

“நீங்கள் சொன்னது சரி ஐயா” என்று அப்போது சொல்லியிருக்க வேண்டும். படிவத்தை ஊதி ஊதிக் காயவைத்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் குருநகருக்கு, யோசப் அண்ணையிடம், சைக்கிளில் போனேன். “எனக்குத் தெரியாது அண்ணை, சொல்லுங்கோ” என்றேன். அவர் சொல்லி முடிக்க மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. பின் அச்சைக் கவிழ்த்து, இடம் வலமாக மாற்றிப் பூட்டினால் சில்லுகள் மறுபக்கம் சுற்றிச் சரிவரும் என்று திரும்பும் வழியில் நானே கண்டுபிடித்தேன். சரிவந்தது. அதன்பின் பிக்கப்புக்கு நான்கு கியரும் முன்னால்.

ஆனால் யாருக்கு அந்தக் கதை வேண்டும்? இன்றும் வீட்டில் யாராவது “ஓம், தெரியும்” என்றால், அம்மா அடுப்படியிலிருந்து கேட்பார்: “இடப்பக்கமோ, வலப்பக்கமோ?”

பீடத்தின் தொழிற்கூடத்தில் முதல் நாள், முப்பது பையன்கள், ஒரு பெண். விரிவுரையாளர் ஒரு பெரிய இஞ்சினைக் காட்டி விளக்கிவிட்டு, எல்லாருக்கும் விளங்கியதா என்று கேட்டார். முப்பது தலையும் ஆடின.

என் கை அதற்குள் மேலே போயிருந்தது.